'இது என் பத்திரிகை இல்லை' என்கிறாள் மகள்

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். நான்கு ஆண்டுகளாக ஒரு சிறுவர் மாத இதழுக்குச் சந்தா கட்டி வருகிறோம். இந்த ஜனவரி முதல் அந்த இதழ் அடையாளமே தெரியாமல் மாறிவிட்டது. அளவு பெரிதாகிப் பக்கங்கள் குறைந்துவிட்டன. ஒன்றரை ஆண்டாக வந்துகொண்டிருந்த, அணில் ஒன்று துப்பறியும் படக்கதை முடிவில்லாமல் நின்றுபோனது. வாசகர் ஓவியப் பக்கத்தை எடுத்துவிட்டு, ஓவியத்தைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பச் சொல்லி ஒரு கியூஆர் கோடு போட்டிருக்கிறார்கள். கடைசி எட்டுப் பக்கங்களில் போட்டித் தேர்வு வினாவிடை. ஜனவரி இதழைப் பார்த்த அன்று அழுதாள். அட்டைமேல் 'இது என் பத்திரிகை இல்லை' என்று பேனாவால் எழுதிவைத்தாள். பின்னர் வந்த மூன்று இதழ்களும் உறை பிரிக்காமல் அலமாரியில் கிடக்கின்றன. ஏழு வயதுத் தம்பியோ அந்த ஜனவரி இதழைப் பள்ளிப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறான். 'ஒரு பத்திரிகைக்கா இவ்வளவு அழுகை' என்கிறார் என் கணவர். அம்புலிமாமா படித்து வளர்ந்த எனக்கு அவளுடைய வருத்தம் புரிகிறது. சந்தாவை நிறுத்திவிடலாமா? ஆசிரியருக்கு நானே கண்டித்து எழுதட்டுமா? இவ்வளவு பற்று ஒரு குழந்தைக்கு நல்லதா?
— கும்பகோணத்திலிருந்து ஒரு தாய்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தாங்கள் கடைசியாகக் கேட்டிருக்கும் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பற்று நல்லதுதான். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி தனக்கு வரும் இதழின்மேல் இவ்வளவு உரிமை பாராட்டுகிறாள் என்றால், எழுத்துக் கூட்டிப் படித்த பருவம் போய் அவள் வாசகியாகிவிட்டாள் என்றே பொருள். பள்ளி நூலகங்களில் வாசிப்பு ஆலோசகராகப் பணியாற்ற வருவதற்கு முன், நான் பதினோரு ஆண்டுகள் ஒரு சிறுவர் மாத இதழில் துணை ஆசிரியராக இருந்தேன். வாசகர் கடிதங்களைப் பிரித்துப் படிப்பது என் வேலைகளுள் ஒன்று. 'தங்கள் இதழ் மிகவும் அருமை, தொடரட்டும் தங்கள் பணி' என்று எழுதும் பிள்ளைகள் பெரும்பாலும் வகுப்பாசிரியரோ அப்பாவோ சொல்லச் சொல்ல எழுதியவர்களாக இருப்பார்கள். தாமாக எழுதும் பிள்ளைகளோ, ஏதோ ஒன்று சரியில்லை என்று சண்டை பிடிக்கத்தான் எழுதுவார்கள். அந்தச் சண்டைக் கடிதங்களைக் கொண்டுதான் எங்கள் இதழ் எந்த வீடுகளில் உண்மையாகவே படிக்கப்படுகிறது என்பதை நாங்கள் தெரிந்துகொண்டோம்.

நான்கு ஆண்டுகள் என்பது தங்களுக்கும் எனக்கும் சிறிய காலம். ஆறு வயதில் அந்த இதழைக் கையில் எடுத்த தங்கள் மகளுக்கோ, அதுவே அவள் படிக்கத் தெரிந்த காலம் முழுவதும். வீட்டில் அவள் பெயருக்கு வந்த முதல் தபாலும் அதுவாகத்தான் இருந்திருக்கும். சிறுவர்கள் ஓர் இதழை நாம் நினைப்பதுபோல் முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டு போவதில்லை. உறையைக் கிழித்ததும் நேரே தங்களுடைய பக்கத்துக்குப் போவார்கள். ஒரு பள்ளி நூலகத்தில் பழைய இதழ்க்கட்டு ஒன்றை அடுக்கிக்கொண்டிருந்தபோது கவனித்தேன்: எந்தப் பிரதியை மேசைமேல் வைத்தாலும் அது தானாக 34ஆம் பக்கத்தில் போய்த் திறந்துகொண்டது. படக்கதை இருந்த பக்கம் அது. அங்கே மட்டும் இதழைத் தைத்திருந்த பின்னுக்கு அருகே தாள் தளர்ந்து, ஓரம் பழுப்பேறி, விரல் பட்ட இடம் வழவழவென்று இருந்தது. தங்கள் மகளின் பழைய இதழ்களை எடுத்துப் பாருங்கள். அவை எந்தப் பக்கத்தில் திறந்துகொள்கின்றன என்பதிலிருந்து, அவள் எதை இழந்திருக்கிறாள் என்பதைக் கேட்காமலே ஓரளவு தெரிந்துகொள்ளலாம்.

அதையும் அவளிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஏனெனில் தங்கள் கடிதத்தில் மூன்று நான்கு மாற்றங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றும் வேறு வகையான வருத்தம். அளவு பெரிதானது உண்மையில் சிறிய விஷயம். படுத்துக்கொண்டு படிக்கும் பிள்ளைக்குப் பெரிய இதழ் முகத்தில் மடிந்து விழும். பையில் வைத்தால் மூலை மடங்கும். இரண்டு மூன்று மாதங்களில் கை அதற்குப் பழகிவிடும். வினாவிடைப் பக்கங்களை அவள் புரட்டித் தள்ளிவிடலாம். அணில் கதை அப்படிப்பட்டதன்று. 'தொடரும்' என்று அச்சிட்டுவிட்டு அடுத்த மாதம் தொடராமல் போனால் குழந்தையைப் பொறுத்தவரை அது வாக்குத் தவறியதுதான். அந்த அணில் எந்த இக்கட்டில் மாட்டியிருந்தபோது கதை நின்றது என்று தாங்கள் எழுதவில்லை. அவளுக்கு அது நிச்சயம் தெரியும். நான்கு மாதங்களாக அணில் அங்கேயே மாட்டிக்கொண்டிருக்கிறது என்பதும் தெரியும்.

இதை நான் கற்றுக்கொண்டது எங்கள் தவற்றிலிருந்து. எங்கள் இதழில் ஒரு பாட்டி விடுகதை போடுவதாக ஒரு பக்கம் மாதந்தோறும் வந்தது. அதற்குப் படம் வரைந்த ஓவியருக்கு உடல்நலம் குன்றியபோது, வேறு யாரைக் கொண்டும் வரைவிக்க மனமில்லாமல், அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு ஒரு விளம்பரத்தைப் போட்டோம். வாசகர்களுக்கு ஒரு வரி அறிவிப்புகூடத் தரவில்லை. சின்னப் பிள்ளைகள்தாமே, அடுத்த மாதம் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தோம். மூன்றாம் வாரம் ஓர் அஞ்சலட்டை வந்தது. பென்சிலால் எழுதி, அதன்மேலேயே பேனாவால் ஓட்டிய எழுத்து. 'பாட்டி செத்துப்போயிட்டாங்களா? உண்மையை எழுதவும்' என்று மட்டும் இருந்தது. அந்த அட்டை அலுவலகத்தில் கைமாறிக் கைமாறிப் போனது. அடுத்த இதழில் பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, படம் வரையும் மாமாவுக்குத்தான் உடம்பு சரியில்லை, அதனால் பாட்டி ஊருக்குப் போயிருக்கிறார் என்று எழுதினோம். அந்தப் பையன் ஒரு மாதம் அந்தக் கேள்வியோடு இருந்திருக்கிறான் என்பது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

ஓவியப் பக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தங்கள் மகள் அதற்கு எப்போதாவது படம் வரைந்து அனுப்பியிருக்கிறாளா? அனுப்பி, அது வெளிவராமல் அவள் இன்னமும் காத்துக்கொண்டிருந்தால், அவளுடைய அழுகைக்கு அதுவே முதற்காரணமாக இருக்கலாம். தாளில் வரைந்து, உறையில் போட்டு, தபால்பெட்டிக்குள் கைவிட்டு, விழுந்ததா என்று தட்டிப் பார்த்துவிட்டு வருவதை ஒரு பத்து வயதுச் சிறுமி தானே செய்ய முடியும். கியூஆர் கோடு என்று வந்துவிட்டால் அம்மாவின் கைப்பேசி வேண்டும், அம்மா சும்மா இருக்கும் நேரம் வேண்டும், இணைய இணைப்பு வேண்டும். அவளுக்கென்று திறந்திருந்த வாசல் இப்போது பெரியவர்கள் வழியாக மட்டுமே திறக்கிறது. இதழ் நடத்துபவர்கள் இதைக் கவனிக்கத் தவறியிருக்கிறார்கள் என்றே நான் கருதுகிறேன்.

இனி அவர்கள் தரப்பு. இதைத் தாங்கள் அவளிடமே விளக்கலாம். பத்து வயதில் காசுக் கணக்கு நன்றாகவே புரியும். அச்சகத்தில் பக்கங்களை எட்டு, பதினாறு என்று ஃபாரம் கணக்கில்தான் அடிப்பார்கள் (ஒரே பெரிய தாளில் சேர்த்து அச்சிட்டு மடிக்கும் பக்கத் தொகுதிதான் ஃபாரம்). செலவைக் குறைக்க வேண்டுமானால் ஒன்றிரண்டு பக்கத்தை மட்டும் எடுத்துவிட முடியாது, ஒரு ஃபாரமாகத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அவளுடைய இதழில் ஒரே மாதத்தில் பல பகுதிகள் காணாமல் போனதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். காகித விலை, தபால் செலவு, கடைகளில் விற்காமல் திரும்பி வரும் பிரதிகள் ஆகியவற்றைத் தாங்கிக்கொள்ளச் சிறுவர் இதழ்களுக்கு விளம்பர வருமானமும் குறைவு. பெற்றோரிடமிருந்து சந்தா பெறுவதற்குத் 'தேர்வுக்கு உதவும்' என்ற சொல்லைப்போல் உதவும் சொல் வேறில்லை. வினாவிடைப் பக்கங்கள் அதனால்தான் வருகின்றன. அவை நம்மைக் கவர்வதற்காகப் போடப்படுபவை என்பதைப் பெற்றோராகிய நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மற்றொரு காரணம் வெளியில் அதிகம் பேசப்படாதது. சிறுவர் இதழுக்கு வாசகர்கள் நிலைத்திருப்பதில்லை. எட்டு வயதில் வந்தவர்கள் பன்னிரண்டு பதின்மூன்றில் போய்விடுவார்கள். நான்கைந்து ஆண்டுகளில் ஏறக்குறைய எல்லா வாசகர்களும் மாறிவிடுவார்கள். ஆகவே ஆசிரியர் குழு எப்போதும் அடுத்து வரப்போகும் குழந்தையையே மனத்தில் வைத்திருக்கும். அதன் கண்ணுக்குப் புதியதாகத் தெரிய வேண்டும் என்று மாற்றும். அந்தப் புதிய குழந்தை தங்கள் வீட்டில் இருக்கிறான். நடுவில் அகப்பட்டுக்கொண்டவள் தங்கள் மகள்.

தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. 'அவனுக்குப் பிடித்திருக்கிறதே, உனக்கு மட்டும் என்ன' என்று ஒருநாளும் சொல்லிவிடாதீர்கள். 'அக்கா வருத்தத்தில் இருக்கும்போது நீ ஏன் அதைத் தூக்கிக்கொண்டு அலைகிறாய்' என்று அவனையும் அடக்க வேண்டாம். உறை பிரிக்காத மூன்று இதழ்களும் சந்தாப்படி அவளுடையவை. அவற்றை அவனுக்குக் கொடுக்கலாமா என்று அவளைக் கேட்டு, அவள் சரி என்றால் மட்டும் கொடுங்கள்.

தங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அம்புலிமாமாவைப் பற்றிய பகுதி. இடம் கருதி மேலே அதைச் சுருக்கியிருக்கிறேன். மூலக் கடிதத்தில் மகளைப் பற்றிய வரிகளுக்குக் குறையாமல் அம்புலிமாமாவைப் பற்றிய வரிகள் இருந்தன. அந்த ஏக்கம் எனக்கும் உண்டு. 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் சென்னையிலிருந்து தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய அந்த இதழில், வேதாளம் புகுந்த பிணத்தைத் தோளில் சுமந்து வாளேந்தி நடக்கும் விக்கிரமனின் ஓவியம் மாதந்தோறும் மாறாமல் வரும். கதை தொடங்கும் விதமும் முடியும் விதமும் மாறா. நடுவில் இருக்கும் கதை மட்டுமே புதியது. 2020இல் மறைந்த ஓவியர் சங்கர் அந்த இதழுக்கு ஏறக்குறைய அறுபது ஆண்டுக் காலம் வரைந்தார். 'மனம் தளராத விக்கிரமன்' என்பது தமிழில் பேச்சு வழக்காகவே ஆகிவிட்டதற்கு, அந்த மாறாத தொடக்கத்தை லட்சக்கணக்கான பிள்ளைகள் மாதந்தோறும் எதிர்பார்த்திருந்து படித்ததே காரணம்.

அந்த அம்புலிமாமாவும் மாறத்தான் செய்தது. 1998இல் நின்று, ஓராண்டுக்கு மேல் இடைவெளிவிட்டு மறுபடி வந்தது. 2007இல் மும்பையைச் சேர்ந்த மென்பொருள் நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனது. அதையடுத்துப் பெரிய அளவு, புதிய வடிவமைப்பு, விளையாட்டு, தொழில்நுட்பம் என்று முகம் மாறியது. சில ஆண்டுகளில் அச்சில் வருவதே நின்றுவிட்டது. 1999இல் தொடங்கிய சுட்டி விகடன் பெருந்தொற்று வந்த 2020இல் அச்சில் நின்றது. வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா ஆசிரியராக இருந்து நடத்திய கோகுலமும் அந்தக் காலத்தையொட்டியே கடைகளிலிருந்து மறைந்தது. ஒவ்வொரு முறையும் தங்கள் மகளைப்போல் யாரோ ஒரு பிள்ளை வாசலில் தபால்காரரை எதிர்பார்த்து நின்றிருக்கும்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. தங்கள் ஏக்கம் முடிந்துபோன ஓர் இதழைப் பற்றியது. அவளுடைய கோபமோ இந்த மாதமும் வீட்டுக்கு வந்திருக்கும் ஓர் இதழின்மேல். இரண்டும் கலந்துவிட்டால், அவள் அறியாமலே அம்மாவின் வருத்தத்தையும் சேர்த்துச் சுமக்கத் தொடங்குவாள். விட்டுவிட வேண்டிய நேரத்தில் விடவும் தயங்குவாள். ஆகவே இப்போதைக்குப் பழைய அம்புலிமாமாத் தொகுப்புகளை வாங்கி வந்து 'இதைப் படி, அதைவிட நன்றாக இருக்கும்' என்று நீட்ட வேண்டாம். அது அவளுக்கு ஆறுதல் தராது. தன் இழப்பு பொருட்படுத்தப்படவில்லை என்றே அவளுக்குத் தோன்றும்.

மற்றொரு கோணத்தையும் ஒதுக்கிவிடக் கூடாது. அந்த இதழ் மாறியது உண்மை, அவளும் மாறிக்கொண்டிருக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த இதழ் ஒன்றை, ஒன்றும் சொல்லாமல், அவள் கண்ணில் படும்படி வைத்துப் பாருங்கள். எடுத்து அமர்ந்து ஆழ்ந்து படித்தால், அவள் கேட்பது பழைய இதழைத்தான். நாலு பக்கம் புரட்டிவிட்டு வைத்துவிட்டால், அவள் அந்த இதழைத் தாண்டி வளர்ந்துவிட்டாள். மாற்றம் வந்த நேரமும் அவள் வளர்ந்த நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன. அப்படியிருந்தால் அவளுக்கு வேண்டியது அடுத்த படி. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் வெளியிட்டு வரும் துளிர் என்ற சிறுவர் அறிவியல் இதழையும், அதைச் சுற்றிப் பிள்ளைகள் கூடிச் செயல்படும் துளிர் இல்லங்களையும் அப்போது அவளுக்கு அறிமுகப்படுத்தலாம். அருகில் துளிர் இல்லம் இல்லையென்றால் கிளை நூலகத்தின் சிறுவர் பகுதியில் உறுப்பினராக்கி, எடுக்கும் புத்தகத்தை அவளே தெரிவு செய்ய விடுங்கள்.

சந்தாவை இப்போது நிறுத்த வேண்டாம். கட்டிய ஆண்டு முடியட்டும். ஜனவரியில் ஓர் இதழ் வடிவம் மாறினால், முதல் மூன்று நான்கு இதழ்களில் எல்லாமே ஆட்டம் காணும்; வாசகர் கடிதங்கள் வந்து, விற்பனைக் கணக்கு வந்து, ஐந்தாவது ஆறாவது இதழில்தான் எது நிற்கும் எது போகும் என்பது தெளிவாகும். எங்கள் விடுகதைப் பாட்டி ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தார். சந்தா முடியும் மாதத்தில், தொடரலாமா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும். அவள் வேண்டாம் என்றால், மறுபேச்சில்லாமல் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். தங்கள் கணவரிடமும் ஒரு வேண்டுகோள்: அவர் இளமையில் விரும்பிக் கேட்ட, பார்த்த, படித்த ஏதாவது ஒன்று திடீரென்று நின்றுபோனது உண்டா என்று மகளிடம் சொல்லட்டும். கேலியாக இல்லாமல், நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும்.

ஆசிரியருக்குத் தாங்கள் எழுத வேண்டாம். அவள் எழுதட்டும். பெற்றோர் எழுதும் கண்டனக் கடிதத்துக்குச் சந்தாப் பிரிவு பதில் போடும். குழந்தையின் கையெழுத்தில் வரும் கடிதம் ஆசிரியரின் மேசைக்குப் போகும். எல்லா அலுவலகங்களிலும் அப்படி என்று உறுதி கூற என்னால் இயலாது, நான் இருந்த இடத்தில் அப்படித்தான் நடந்தது. அமெரிக்காவில் 1946இல் தொடங்கிய ஹைலைட்ஸ் என்ற சிறுவர் இதழ், தனக்கு எழுதும் ஒவ்வொரு குழந்தைக்கும் பதில் எழுதுவதை வழக்கமாகவே வைத்திருக்கிறது. நம் ஊரில் அதற்கான ஆள்பலம் எல்லா இதழ்களுக்கும் இல்லை. ஆகையால், பதில் வராமலும் போகலாம் என்பதை அவள் எழுத உட்காருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். எழுதிய பிறகு சொன்னால், அவளுடைய கடிதத்தில் ஏதோ குறை இருந்ததுபோல் அவளுக்குப் படும்.

எழுதும்போது பக்கத்தில் உட்காராதீர்கள். எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள், 'மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு' என்று தொடங்கச் சொல்லிக் கொடுக்கவும் வேண்டாம். கோபமாக எழுதினால் எழுதட்டும். ஒரே ஒரு உதவி செய்யலாம்: 'எல்லாமே போச்சு' என்று எழுதியிருந்தால், எந்தெந்தப் பக்கம் போயிற்று என்று பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். பொதுவான வருத்தத்தைக் கண்டு ஆசிரியர் குழுவால் எதுவும் செய்ய இயலாது. 'அணில் கதையின் முடிவை ஒரு பக்கத்திலாவது சொல்லுங்கள்' என்பது செய்யக்கூடிய காரியம். அதை எழுதியவருக்கு முடிவு தெரிந்திருக்கும். 'ஓவியத்தைத் தபாலிலும் அனுப்பலாமா' என்பதற்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் தர முடியும். புதிய இதழில் அவளுக்குப் பிடித்தது ஏதேனும் ஒன்று இருந்தால் அதையும் எழுதலாம். இல்லையென்றால் வலிந்து தேட வேண்டாம்.

முகவரியை அவளே கண்டுபிடிக்கட்டும். அச்சிடுபவர், வெளியிடுபவர் ஆகியோரின் பெயர்களைப் பிரதிதோறும் அச்சிட வேண்டும் என்பது ஆங்கிலேயர் காலத்து 1867ஆம் ஆண்டுச் சட்டம் தொட்டே இருந்துவரும் விதி. சிறிய எழுத்தில் உள்ளட்டையிலோ கடைசிப் பக்கத்தின் அடியிலோ இருக்கும். அதைத் தேடுவதற்காகவாவது அந்த மூன்று உறைகளுள் ஒன்றை அவள் பிரிக்கக்கூடும். அதை அவளுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டாம்.

ஐம்பது காசு அஞ்சலட்டையில் இடம் போதாது. இன்லேண்டு கடிதத்துக்குள் வேறு தாள் எதையும் வைத்து அனுப்பக் கூடாது. ஆகவே சாதாரண உறை ஒன்றும் தேவையான தபால்தலையும் வாங்கிக் கொடுங்கள். அணிலுக்கு அடுத்து என்ன ஆகியிருக்கும் என்று ஒரு படம் வரைந்து உடன் வைக்க அவள் விரும்பக்கூடும். பெயர், வகுப்பு, ஊர் ஆகியவற்றைக் கடிதத்தின் அடியிலும் படத்தின் பின்புறத்திலும் எழுதச் சொல்லுங்கள். அலுவலகத்தில் உறையும் தாளும் பிரிந்துபோவது வழக்கம். ஒட்டுவதற்கு முன் கடிதத்தையும் படத்தையும் ஒரு நகல் எடுத்து, அந்த ஜனவரி இதழுக்குள் வைத்துவிடுங்கள்.